முருகம்மாள் எங்கே பார்க்கிறாள்

ஓவியக் கூடத்தில் மதியச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடிவிடலாம் என்று வந்த தமிழ்வாணி, மாமியாரின் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். படத்திலிருந்த முருகம்மாள் அவளைப் பார்க்கவில்லை.

அந்தப் படம் அவளுக்குப் புதிதல்ல. மழைக்காலம் முழுக்க அது ஒத்தக்கடை வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துதான் காய்ந்தது. ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டுக் கால் கடுக்க அவள் வீட்டுக்குள் நுழையும்போது, எண்ணெய் வர்ணத்தின் காறலான வாசனையோடு, வெயிலில் களையெடுத்துக் கறுத்த அந்தப் பெரிய முகம்தான் முதலில் அவளைப் பார்க்கும். கதவோரம் நின்றாலும் பார்க்கும், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் பார்க்கும். "வந்துட்டேன் அத்தை" என்று அவளும் அதனிடம் சொல்லிப் பழகியிருந்தாள். அவள் கணவன் சிவபாண்டி வரைந்த எல்லாப் படங்களும் அப்படித்தான், நேருக்கு நேர் பார்க்கும். டி. கல்லுப்பட்டிப் பக்கம் அவனுடைய ஊர்ச் சனம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் குனிந்து நின்ற சனம். படத்திலாவது நிமிர்ந்து எதிரில் இருப்பவன் கண்ணைப் பார்க்கட்டும் என்பான்.

இப்போது முருகம்மாளின் கண்கள் தமிழ்வாணியின் இடது தோளுக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

"மாமா, அத்தை கண்ணைத் திருத்துனீங்களா?"

ஸ்டூல் மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்த சிவபாண்டி இறங்கி வந்தான். முட்டிவரை சுண்ணாம்புப் பொடி. கழுத்தில் வியர்வை. படத்தைச் சற்று நேரம் பார்த்தான்.

"நேராத்தான பாக்குது. இங்கன லைட்டு மேல இருந்து அடிக்குதுல்ல, அதான் உனக்கு அப்படித் தெரியுது. அம்புட்டுதான்."

அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். பகலெல்லாம் ஃபிளெக்ஸ் கடையில் காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர் வடிவமைத்துவிட்டு, ராத்திரிகளில் வரைந்து சேர்த்தவன். தல்லாகுளத்துப் பழைய பங்களா ஒன்றின் மாடியை ஓவியக் கூடமாக்கி நடத்துகிறவர்கள் ஒரு வாரத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் வம்சத்தில் எவருக்கும் இப்படி ஒரு வாரம் வாய்த்ததில்லை.

அவன் மறுபடி ஸ்டூலில் ஏறியதும் அவள் சுவரோரமாக மெல்ல நடந்தாள். மேலே நீளமான கம்பியில் தொங்கிய பழைய ஃபேன் சுற்றுக்கொரு தரம் டக்கென்றது. கீழே ரோட்டில் பஸ்கள் ஏர்ஹாரன் அடித்துப் போயின. கப்பலூர் கம்பெனிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் சித்தப்பா கருப்பு. வெற்றிலை வாயோடு சீனியம்மாள். மண்வெட்டியைத் தோளில் சாய்த்திருக்கும் முத்துப்பாண்டி. யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று அந்தப் பார்வை போகும் திசையில் திரும்பித் திரும்பிப் பார்த்தபோது, எல்லாம் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. மாடிப்படியை ஒட்டிய மூலை. வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிட்டால், அடிக்கக் கம்பு வரும்வரை, அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் வீட்டில் இருப்பவர்கள் நிற்பார்களே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூலையில் மூடிய ஜன்னல் ஒன்று. கறுத்த ஸ்விட்ச் போர்டு. வேறு எதுவும் இல்லை.

கூடத்தின் நிர்வாகி அஸ்வினி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். "நல்லாருக்குல்ல அக்கா? எந்தப் பக்கம் போனாலும் நம்மளையே பாக்குற மாதிரி இருக்கு."

தமிழ்வாணி தலையை ஆட்டினாள். சாப்பாட்டுப் பையை அவளிடமே கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். அந்த மூலையை ஒட்டித்தான் இறங்க வேண்டியிருந்தது. சேலையைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், எதிலோ பட்டுவிடக் கூடாது என்பது போல.

திறப்பு விழா மறுநாள் சாயங்காலம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். மல்லிகைப்பூ, சந்தனம், புது வெள்ளையடித்த சுவர், மனித வெக்கை எல்லாம் கலந்து கூடம் கல்யாண வீடு மாதிரி மணத்தது. கூட்டத்தைப் பார்த்ததும் தமிழ்வாணிக்குத் தைரியம் வந்தது. நேற்று கண்டதெல்லாம் பசி மயக்கம் என்று நினைத்துக்கொண்டாள். படங்களின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

சிவபாண்டியைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக் வயர் மாடிப்படி மூலை வரைக்கும்தான் எட்டியது. அவன் அங்கே போய், மூடிய ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசினான். அம்மாவுக்கு நடவு இருப்பதால் இன்றைக்கு வர முடியவில்லை, கடைசி நாள் ஊரே வேன் பிடித்து வருகிறது என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். பேச்சுக்கு நடுவே ஒருமுறை, எறும்பு ஊர்ந்தாற்போல, பிடரியைத் தேய்த்துக்கொண்டான்.

பேசி முடித்து அவன் கூட்டத்துக்குள் நடந்தபோது, தமிழ்வாணி பார்க்க மாட்டேன் என்று இருந்த படங்களைப் பார்த்தாள்.

கண்கள் மூலையில் இல்லை. அவனோடு நகர்ந்துகொண்டிருந்தன.

அவன் மீதும் இல்லை. அவனுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஓர் ஆள் உயரத்தில். அவன் இடப்பக்கம் திரும்பிப் பத்திரிகைக்காரர் ஒருவருக்குக் கை கொடுத்தான். கண்கள் இடப்பக்கம் போயின. அவன் குனிந்து ஒரு குழந்தையைத் தூக்கினான். கண்கள் தாழ்ந்தன. அதுவும் குனிந்திருக்கிறது.

அவள் செல்போனை எடுத்து அத்தையின் படத்தை, கருப்புவின் படத்தை, மாற்றி மாற்றிப் பிடித்தாள். போனுக்குள் எல்லோரும் நேராகப் பார்த்தார்கள். போனைத் தாழ்த்தினால் அவன் முதுகுப் பக்கம் பார்த்தார்கள். அஸ்வினியின் கையைப் பிடித்து இழுத்து வந்து படத்துக்கு முன் நிறுத்தினாள்.

"இவங்க எங்க பாக்குறாங்க, சொல்லு."

"நேராத்தான் அக்கா பாக்குறாங்க." அஸ்வினி படத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

இருட்டும் நேரத்தில் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினான். யார் என்ன சொன்னார்கள், எந்தப் படத்துக்கு முன் யார் அழுதார்கள். அவள் அவன் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாட்டுத்தாவணி தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் ஒருமுறை அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தது போல.

"என்னாது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. டயர்ல காத்து இறங்கிருச்சா?" என்றான் சிவபாண்டி.

ரோட்டோரம் ஒரு காதணி விழா பேனர். அவன் வடிவமைத்ததுதான். நடுவில் இரண்டு பிள்ளைகள், சுற்றிலும் தாய்மாமன்களும் சித்தப்பன்களும் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள், சிரிப்பு மாறாமல், மீசை முறுக்கி, கைகூப்பி. அத்தனை கண்களும் அவர்களுடைய வண்டியின் மேல் இருந்தன. அடுத்து ஒரு கட்டிடத் திறப்பு விழா. அடுத்து, மின்கம்பத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி, செத்துப்போன ஓர் அம்மாள். எல்லாரும் பார்த்தார்கள். அவனையும் இல்லை, அவளையும் இல்லை. அவளுக்குப் பின்னால்.

அவள் முன்னால் நகர்ந்து அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். பின்னால் கையை விட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை. முதுகுத்தண்டில் மூச்சோ குளிரோ படும் என்று காத்திருந்தாள். எதுவும் படவில்லை. சாணி எரியும் புகை, லாரி டீசல், அவன் சட்டை வியர்வை. வழக்கமான வாசனைகள்தான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் முகம் இருந்த எல்லாவற்றையும் சுவர்ப்பக்கம் திருப்பினாள். மாதக் காலண்டர், பவுடர் டப்பா, கல்யாணப் போட்டோ. சிவபாண்டி சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடி பண்ற?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டான். எழுந்து போய்க் கை கழுவி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கு எதுவும் தெரியல வாணி. ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. இம்புட்டு நாள்ல எனக்குன்னு நடந்தது இது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க. அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன்."

மறுநாள் அவள் ஒரு மந்திரித்த கயிறு வாங்கி வந்து அவன் மணிக்கட்டில் கட்டினாள். மறுக்காமல் கையை நீட்டினான். அந்தக் கயிறு கடைசிவரை அவன் கையிலேயே இருந்தது.

முகங்களைத் திருப்பி வைத்தது தப்பு என்பது இரண்டு நாளில் அவளுக்குப் புரிந்தது. முகங்கள் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்றாவது தெரியும். இப்போது வீடு முழுக்க அதுவாக இருந்தது. துவைக்கும்போது முதுகுப் பக்கம், கதவைத் திறக்கும்போது கதவின் மறுபக்கம். சிவபாண்டியிடம் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. வெளியே போகும்போது கதவைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் திறந்து பிடித்திருந்தான். சோபாவில் ஓரமாக உட்கார்ந்தான். விடிகாலையில் அவள் கண் விழித்துப் பார்த்தபோது, பாயில் அவள் பக்கமாக ஒதுங்கி ஒருக்களித்து, இன்னோர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இல்லை. அவனுக்கு அந்தப் பக்கம்.

அவள் எழுந்து போய்க் கல்யாணப் போட்டோவைத் திருப்பினாள். மாலையும் கழுத்துமாக இருவரும் நின்றிருந்தார்கள். போட்டோவில் இருந்த அவனும் அவளும் பாயில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஊரிலிருந்து வேன் வந்தது. கருப்பு, சீனியம்மாள், முத்துப்பாண்டி என்று படத்தில் இருந்தவர்கள் எல்லாரும் துவைத்த துணி உடுத்தி, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு மாடியேறினார்கள். தங்கள் முகங்களை அம்புட்டுப் பெரிதாகக் கண்டதும் வெட்கம் தாங்கவில்லை. "ஏப்பா, எம் மூக்கு என்ன இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்று சீனியம்மாள் கேட்டதில் கூடமே அதிர்ந்தது. கருப்பு தன் படத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி விறைப்பாக நின்று போட்டோ எடுக்கச் சொன்னார். சிவபாண்டி நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

முருகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தன் படத்துக்கு முன்னால் நின்றவள் நகரவே இல்லை. தமிழ்வாணி பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏத்தா வாணி," மாமியார் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நான் யாரைத்தா பாத்துக்கிட்டிருக்கேன், இதுல?"

தமிழ்வாணி அவள் முழங்கையைப் பற்றினாள். "உங்களுக்கும் தெரியுதா அத்தை?"

"எம் மூஞ்சி எனக்குத் தெரியாதா? பயந்து போயி நிக்கிறேன்ல." முருகம்மாள் மெதுவாகத் திரும்பி, படத்தின் கண்கள் போகிற வழியில் பார்த்தாள். "எம்மகனுக்குப் பின்னாடி யாருத்தா?"

"தெரியல அத்தை."

"வந்ததுல இருந்து கூடவே இருக்கா?"

"மொத நாள்ல இருந்து."

முருகம்மாள் இடுப்புச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மகனிடம் போய் அவன் வலது கையைப் பிடித்தாள். தமிழ்வாணி ஓடிப்போய் இடது கையைப் பிடித்தாள். ஊர்க்காரர்கள் அதைப் பாசம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

"வாய்யா, வெளிய போவோம்," என்றாள் முருகம்மாள்.

"இரும்மோவ். ஒரு போட்டோ எடுத்துக்கிருவோம். எல்லாரும் வாங்க. சித்தப்பா, இப்படி வாங்க."

எல்லோரும் சுற்றி நின்றார்கள். அஸ்வினி கேமராவோடு பின்னால் பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் எதிர்ச் சுவர். அந்தச் சுவரில் படங்கள். தமிழ்வாணி கேமராவைப் பார்க்கவில்லை. படங்களைத்தான் பார்த்தாள்.

படங்களின் பார்வை விழுந்த இடத்துக்கும் அவனுக்கும் இடையே ஒரு முழம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க," என்றாள் அஸ்வினி.

ஒரு சாண்.

"மாமா, வாங்க. மாமா, போயிரலாம்." அவள் அவன் கையை இழுத்தாள். சித்தப்பா தோளில் கை போட்டிருந்தார். பின்னால் நெருக்கியடித்துச் சனம். அவன் அசையவில்லை.

"ஒரு நிமிஷம் வாணி..."

நாலு விரல்கடை.

அவள் அவனுக்குப் பின்னால் புகுந்து நிற்கப் பார்த்தாள். இடம் இல்லை. கத்தினாள். போட்டோவுக்கு எல்லோரும் ஒன்றாகக் குரல் கொடுத்துச் சிரித்ததில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஃபிளாஷ் அடித்தது.

சுவரில் இருந்தவர்கள் எல்லாரும் இப்போது சிவபாண்டியைப் பார்த்தார்கள். அவனுக்குப் பின்னால் இல்லை. பக்கத்தில் இல்லை. அவனை.

அவள் கைக்குள் இருந்த அவன் கை தளர்ந்தது. மறுபடி பிடித்தது. மாறிப் பிடித்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒரு கையைப் பிடிப்பது எப்படி என்று இப்போதுதான் தெரிந்துகொள்பவனைப் போல.

முருகம்மாள் அவன் வலது கையை உதறிவிட்டுப் பின்வாங்கினாள். வாய் கோணியது. கூட்டத்துக்குள் அங்கும் இங்கும் தேடினாள்.

"எம்மகன் எங்க?"

"இந்தா இருக்கேன்லம்மா," என்றான் அவன். அதே குரல். அதே முகம். கண்ணோரத்து ஈரம்கூட இன்னும் காயவில்லை.

"ஏத்தா, எம்மகன் எங்க? இப்ப வரைக்கும் என் கையப் புடிச்சிருந்தானே."

"மதினிக்குக் கண்ணு மங்கிப்போச்சுப்பா," என்று கருப்பு சித்தப்பா சிரித்தார். கூடவே எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கொஞ்சம் பிந்தி.

முருகம்மாள் கூடம் முழுக்க நடந்தாள். நாற்காலிகளுக்கு நடுவில், ஜன்னல் ஓரம், மாடிப்படி மூலை. "சிவபாண்டீ, அய்யா சிவபாண்டீ" என்று தொலைந்த கன்றைத் தேடுகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. வெயிலில் வந்தது, வயசாகிவிட்டது, அலைச்சல் என்று பேசிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறக்கி வேனில் ஏற்றினார்கள். வேன் ஜன்னல் வழியே அவள் தமிழ்வாணியின் ரவிக்கைக் கையைப் பற்றி இழுத்தாள்.

"அவன் இங்கனதாந்தா இருக்கான். வேற எங்கயும் போகத் தெரியாது அவனுக்கு. விட்டுட்டுப் போயிறாத."

வேன் போய்விட்டது. திருமங்கலம் போகும் பக்கமாக அது திரும்பும்வரை அந்த அழுகை கேட்டது.

படங்களை ஏற்றிப் போக ராம்கி குட்டியானை லோடு வண்டியைக் கொண்டுவந்தான். சிவபாண்டியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். "மாப்ள, பெரிய ஆளாயிட்ட" என்று தோளில் குத்தினான். குத்திய கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். ஏன் துடைத்தோம் என்று அவனுக்கே தெரிந்த மாதிரி இல்லை.

எல்லாப் படங்களையும் பின்பக்கம் இரண்டு வரிசையாக, முகங்கள் உள்பக்கம் பார்க்க, சாய்த்து வைத்துக் கயிறு கட்டினார்கள். போர்த்தத் துணி போதவில்லை. தமிழ்வாணி கீழே நின்று பார்த்தாள். ஓடிவிடலாம். ரோட்டில் பஸ் போகிறது. கையில் போன் இருக்கிறது. யாரிடம் என்னவென்று சொல்வது? வீட்டுக்காரர் வீட்டுக்காரராக இல்லை என்றா? நல்ல மனுஷன், ஊரே கொண்டாடுகிற மனுஷன், பக்கத்தில் நின்று சிரிக்கிறான். அவள் மட்டும் போய்விட்டால், உண்மையான அவன் எங்கே இருந்தாலும், அவனைத் தேடுகிற ஆள் யார்?

"முன்னாடி வா வாணி. மூணு பேரும் உக்காந்துக்கிரலாம்," என்றான் அவன்.

"இல்ல. படம் சாயும். நான் பின்னாடி புடிச்சுக்கிறேன்."

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி," என்றான்.

வண்டி கிளம்பியது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தகரத் தரையில் கால்களை மடக்கி அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் ஊர்ச் சனம். கருப்பு, சீனியம்மாள், முத்துப்பாண்டி, எல்லாரும் டிரைவர் கேபினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேபினின் பின்பக்கக் கண்ணாடியில் ராம்கியின் தலை அசைந்து அசைந்து பேசியது. பக்கத்துத் தலை அசையவே இல்லை. வேகத்தடை ஒவ்வொன்றிலும் சட்டங்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. மாட்டுத்தாவணி. பேனர்கள். எல்லா முகமும் கேபினை.

அப்போதுதான் பார்த்தாள்.

வரிசையின் கடைசியில் மாமியாரின் படம். முருகம்மாள் கேபினைப் பார்க்கவில்லை.

முருகம்மாள் தாழப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் தரையை. தமிழ்வாணிக்குப் பக்கத்தில், வலப்பக்கம், வெறும் தகரத்தை. அந்தக் கண்ணில் இப்போது பயம் இல்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கிற கண்.

அவளுக்குப் புரிந்தது.

"மாமா?"

கையை நீட்டினாள். தகரம். சூடு இல்லை, மூச்சு இல்லை. தடவினாள். எதுவும் தட்டுப்படவில்லை. மறுபடி படத்தைப் பார்த்தாள். முருகம்மாளின் பார்வை மெல்ல நகர்ந்தது. இன்னும் நெருங்கி வந்தது. அவள் தோளுக்கு. ஒருவன் தலை சாய்த்துக்கொள்கிற உயரத்துக்கு.

"நான் இருக்கேன் மாமா," என்றாள். "பயப்படாதீங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்." தோளில் எந்தப் பாரமும் இல்லை. படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அழுதாள். அந்தக் கண்கள் இருக்கும்வரை அவன் எங்கே என்று தெரியும். அவ்வளவு போதும். அதை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம்.

யானைமலை இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. ஒத்தக்கடையில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழே வண்டி நின்றது. கேபின் கதவு திறந்து மூடியது. செருப்புச் சத்தம் பக்கவாட்டில் நடந்து வந்தது. பின்கதவின் கொக்கி விழுந்தது.

அவன் நின்றான். கருப்பு, சீனியம்மாள், முத்துப்பாண்டி, அத்தனை கண்களும் அவன் மேல். அவன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வந்தான். கடைசிப் படத்தில் நின்றான். அந்தப் பார்வை போன இடத்தைப் பார்த்தான். அவள் தோளைப் பார்த்தான்.

"இறங்கு," என்றான்.

அவள் இறங்கவில்லை.

அவன் வண்டியில் ஏறினான். கயிற்றை அவிழ்த்தான். மற்றதைத் தொடவில்லை. அம்மாவின் படத்தை மட்டும் எடுத்தான். அதன் முகத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு இறங்கி, மாடிப்படி ஏறிப் போனான்.

மேலே வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

தமிழ்வாணி வண்டியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை வெறும் தகரத்தின் மேல் விரிந்து கிடந்தது. அங்கே அவன் இன்னும் இருக்கிறானா, அம்மாவின் படத்துக்குப் பின்னாலேயே போய்விட்டானா, தெரியவில்லை. மிச்சமிருந்த முகங்கள் எல்லாம், மெதுவாக, மாடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தன.